பிரிட்ஜ் சீட்டாட்டம்: கையில் நல்ல சீட்டு வந்தால் ஏலத்தில் எப்படிச் சொல்வது? சென்னையில் 2015-ல் சர்ச்சையானது ஏன்?

"சீட்டா? அதெல்லாம் சூதாட்டம், எடுத்து வை!" இப்படிப் பேச்சு வாங்காமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் குறைவு. ஆனால் 2018-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 60 வயது பிரணாப் பர்தனும் 56 வயது ஷிப்நாத் சர்க்காரும் இந்தியாவுக்குத் தங்கப் பதக்கம் வாங்கித் தந்தது ஒரு சீட்டாட்டத்தில்தான். அதன் பெயர் பிரிட்ஜ். ஆசிய விளையாட்டில் பிரிட்ஜ் இடம்பெற்றது அதுவே முதல் முறை.

அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 2015 செப்டம்பர், அக்டோபரில், இதே விளையாட்டின் உலக அணிகள் சாம்பியன்ஷிப் சென்னையில் நடந்தது. போட்டி தொடங்கும் முன்பே சில நாட்டு அணிகள் விலகிக்கொண்டன. இன்னொரு நாட்டின் ஒரு ஜோடிக்கு அனுமதி மறுக்கப்பட்டது. பணம் கைமாறியது என்பதல்ல புகார். கூட்டாளியிடம் ரகசியமாகப் பேசினார்கள் என்பதுதான் புகார்.

கூட்டாளியிடம் பேசினால் என்ன தப்பு? இது புரிய வேண்டுமானால், பிரிட்ஜில் பேச அனுமதிக்கப்பட்ட சொற்கள் எத்தனை, அந்தச் சில சொற்களை வைத்து ஒரு பலமான கையை எப்படி விவரிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

பிரிட்ஜ் எப்படி ஆடப்படுகிறது?

நான்கு பேர், இரண்டு ஜோடி. எதிரெதிரே உட்கார்பவர்கள் கூட்டாளிகள். 52 சீட்டும் பிரிக்கப்பட்டு ஆளுக்கு 13 சீட்டு. ஒருவர் ஒரு சீட்டை இறக்க, மற்ற மூவரும் அதே இனத்தில் ஒரு சீட்டு போட வேண்டும். பெரிய சீட்டு போட்டவருக்கு அந்தப் பிடி. மொத்தம் 13 பிடிகள்.

ஸ்பேட், ஹார்ட், டைமண்ட், கிளப் ஆகிய நான்கு இனங்களில் ஒன்றைத் துருப்பாக வைத்து ஆடலாம். துருப்பே இல்லாமலும் ஆடலாம். அதற்கு 'நோ டிரம்ப்' என்று பெயர்.

ஆட்டம் தொடங்கும் முன் ஏலம் நடக்கும். "எங்கள் ஜோடி இத்தனை பிடி எடுக்கும், இந்த இனம் துருப்பு" என்று கேட்க வேண்டும். முதல் 6 பிடிகள் கணக்கில் வராது. அதனால் '1 நோ டிரம்ப்' என்றால் 7 பிடி, '3 நோ டிரம்ப்' என்றால் 9 பிடி, '7 நோ டிரம்ப்' என்றால் 13 பிடியும் எங்களுக்கே என்று பொருள்.

ஏலத்தில் மொத்தம் 15 சொற்கள்தான். ஒன்று முதல் ஏழு வரை எண்கள், நான்கு இனங்கள், நோ டிரம்ப், பாஸ், டபுள், ரீடபுள். குரலை உயர்த்தக் கூடாது, முகத்தைச் சுளிக்கக் கூடாது, வேண்டுமென்றே தயங்கி யோசித்துக் காட்டக் கூடாது. பெரிய போட்டிகளில் வாய் திறந்தே கேட்பதில்லை. ஏல அட்டைகளை எடுத்து வைப்பார்கள், அவ்வளவுதான்.

ஏலம் ஏன் இவ்வளவு முக்கியம்?

இன்றைய பிரிட்ஜின் மதிப்பெண் முறையை 1925-ல் அமெரிக்கரான ஹெரால்டு வாண்டர்பில்ட் வகுத்தார். அதன் உயிர்நாடி ஒன்றுதான்: கேட்ட அளவுக்குத்தான் பெரிய பரிசு.

நோ டிரம்ப் ஆட்டத்தில் கணக்கில் வரும் முதல் பிடிக்கு 40 புள்ளி, அடுத்தடுத்த ஒவ்வொன்றுக்கும் 30. கேட்ட ஒப்பந்தத்தின் மதிப்பு 100-ஐத் தொட்டால் அது 'கேம்', போனஸ் உண்டு. 40, 30, 30 கூட்டினால் சரியாக 100. அதனால்தான் 3 நோ டிரம்ப் எல்லோருடைய கண்ணிலும் இருக்கும் இலக்கு.

நீங்கள் 1 நோ டிரம்ப் கேட்டு 9 பிடி எடுத்தால் 150 மதிப்பெண். அதே சீட்டை வைத்து 3 நோ டிரம்ப் கேட்டு அதே 9 பிடி எடுத்தால் 400. 'வல்னரபிள்' எனப்படும், பரிசும் தண்டனையும் கூடுகிற நிலையில் 600. ஆடியது ஒன்றுதான். கேட்டதுதான் வேறு.

அதற்காகக் கண்டபடி கேட்கவும் முடியாது. கேட்டதை எடுக்காவிட்டால் மதிப்பெண் எதிரணிக்குப் போய்விடும்.

'பலமான சமநிலைக் கை' என்றால் என்ன?

கையின் பலத்தை அளக்க எளிய கணக்கு ஒன்று உண்டு. ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக்கி 1. ஓர் இனத்துக்கு 10, நான்கு இனத்துக்கும் சேர்த்து 40. ஆளுக்குச் சராசரி 10. மில்டன் வொர்க் பிரபலப்படுத்தத் தொடங்கிய இந்தக் கணக்கை 1940-களின் இறுதியில் சார்ல்ஸ் கோரன் வீடுதோறும் கொண்டுபோனார்.

இனி வடிவம். 13 சீட்டும் நான்கு இனங்களில் ஓரளவு சமமாகப் பிரிந்திருந்தால் அது சமநிலைக் கை. 4-3-3-3, 4-4-3-2, 5-3-3-2 என மூன்று வடிவங்கள். நமக்கு வரும் கைகளில் கிட்டத்தட்ட 48 சதவீதம் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

நீளமான இனம் இருந்தால் அதைத் துருப்பாக்கலாம். சமநிலைக் கைக்கு அந்த வசதி இல்லை. அதற்குப் பொருத்தம் நோ டிரம்ப்தான். அங்கே பெரும்பாலும் புள்ளிகளே பேசும். ஜோடிக்கு 25 அல்லது 26 புள்ளி சேர்ந்தால் 9 பிடி எடுக்க நல்ல வாய்ப்பு என்பது அனுபவத்தில் கண்ட கணக்கு.

ஆனால் உங்களுக்கு உங்கள் சீட்டு மட்டும்தான் தெரியும். கூட்டாளியின் கையில் என்ன இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஏணிப்படி முறை

இதற்குப் பிரிட்ஜ் கண்டுபிடித்த வழி, பலத்தை ஓர் ஏணியாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் ஒரு சொல் வைத்தது. உலகில் பரவலாக ஆடப்படும் அமெரிக்க முறையில் சமநிலைக் கைக்கான படிகள் இவை:

• 12 முதல் 14 புள்ளி: முதலில் ஏதாவது ஓர் இனத்தில் 1 கேட்பது, அடுத்த முறை 1 நோ டிரம்ப் சொல்வது.
• 15 முதல் 17: நேரடியாக 1 நோ டிரம்ப்.
• 18 அல்லது 19: முதலில் ஓர் இனத்தில் 1, கூட்டாளி 1 அளவில் பதில் சொன்னதும் ஒரேயடியாக 2 நோ டிரம்புக்குத் தாவுவது.
• 20 அல்லது 21: நேரடியாக 2 நோ டிரம்ப்.
• 22 முதல் 24: முதலில் 2 கிளப், பிறகு 2 நோ டிரம்ப்.
• 25 முதல் 27: முதலில் 2 கிளப், பிறகு 3 நோ டிரம்ப்.

ஒவ்வொரு படியும் இரண்டு, மூன்று புள்ளிக்குள் அடங்கியிருப்பதைக் கவனியுங்கள். '1 நோ டிரம்ப்' என்ற ஒரே அட்டை, "என் கை சமநிலை, 15-க்குக் குறையாது, 17-ஐத் தாண்டாது" என்று சொல்லி முடித்துவிடுகிறது. இனி முடிவெடுக்க வேண்டியது கூட்டாளி.

"19 புள்ளி இருக்கு, 1 நோ டிரம்ப் சொன்னா என்ன குறைஞ்சுடும்?" என்று தோன்றலாம். கூட்டாளியிடம் 7 புள்ளி இருந்தால் அவர் 7 + 17 = 24 என்று கணக்குப் போட்டு பாஸ் சொல்லிவிடுவார். உண்மையில் ஜோடியிடம் இருப்பது 26. 400 வாங்க வேண்டிய இடத்தில் 150-தான் கிடைக்கும். தலைகீழாக, 13 புள்ளியை வைத்துக்கொண்டு 1 நோ டிரம்ப் சொன்னால், 10 புள்ளி வைத்திருக்கும் கூட்டாளி நம்பி 3 நோ டிரம்ப் கேட்பார். 23 புள்ளியோடு 9 பிடிக்குத் தவிக்க வேண்டியதுதான்.

ஏலத்தில் நீங்கள் சொல்லும் பொய்யை முதலில் நம்பி ஏமாறுபவர் எதிராளி அல்ல, உங்கள் கூட்டாளி.

ஓர் எடுத்துக்காட்டு

கேமரன் மலை, திரிங்காப். மழை விடாத ஒரு மாலையில் தேயிலைத் தோட்டத்து வீடு ஒன்றில் அக்காவும் தம்பியும் ஒரு ஜோடி, மாமாவும் அத்தையும் எதிர் ஜோடி என்று வைத்துக்கொள்வோம்.

அக்காவின் கை: ஸ்பேடில் ஏஸ், ராணி, 5. ஹார்ட்டில் ராஜா, 10, 4. டைமண்டில் ஏஸ், 9, 6, 2. கிளப்பில் ராஜா, 8, 3. மொத்தம் 16 புள்ளி, 4-3-3-3 வடிவம். யோசிக்க ஒன்றுமில்லை, 1 நோ டிரம்ப்.

தம்பியின் கை: ஸ்பேடில் ராஜா, ஜாக்கி, 6. ஹார்ட்டில் ராணி, 7, 2. டைமண்டில் ராஜா, 8, 5, 3. கிளப்பில் ஜாக்கி, 9, 4. மொத்தம் 10.

தம்பி போடும் கணக்கு இது: "அக்காகிட்ட குறைஞ்சது 15. என்கிட்ட 10. 25 ஆச்சு." நேராக 3 நோ டிரம்ப். இரண்டே அட்டையில் ஏலம் முடிந்தது. அக்காவிடம் இருப்பது எந்த ஏஸ், எந்த ராஜா என்று தம்பிக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

தம்பியிடம் 8 அல்லது 9 புள்ளி மட்டும் இருந்தால்? 2 நோ டிரம்ப் கேட்பான். "அக்கா, உன்கிட்ட 17 இருந்தா 3-க்குப் போ, 15-தான்னா இங்கேயே நிறுத்து" என்று அர்த்தம். 7 அல்லது அதற்குக் கீழே என்றால் பாஸ்.

கூட்டாளி கேள்வி கேட்கலாமா?

கேட்கலாம். அதற்காகவே சில அட்டைகளுக்கு வேறு பொருள் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

1 நோ டிரம்புக்குப் பதிலாகக் கூட்டாளி 2 கிளப் சொன்னால், அவரிடம் கிளப் இருக்கிறது என்று பொருள் இல்லை. "உன்னிடம் ஸ்பேடிலோ ஹார்ட்டிலோ நான்கு சீட்டு உண்டா?" என்ற கேள்வி அது. இருவரிடமும் நாலு நாலாக எட்டுச் சீட்டு சேர்ந்தால், நோ டிரம்பை விட அந்த இனத்தைத் துருப்பாக வைத்து ஆடுவது பெரும்பாலும் பாதுகாப்பு. இதற்கு 'ஸ்டேமன்' என்று பெயர். 1945-ல் இதைப் பற்றி எழுதிய சாம் ஸ்டேமனின் பெயர் ஒட்டிக்கொண்டது. உருவாக்கியவர் அவருடைய கூட்டாளி ஜார்ஜ் ரப்பே.

இன்னொன்று 'டிரான்ஸ்ஃபர்'. தம்பியிடம் மூன்றே புள்ளி, ஆனால் ஹார்ட்டில் ஐந்து சீட்டு. அவன் 2 டைமண்ட் சொல்வான். அக்கா உடனே 2 ஹார்ட் சொல்ல வேண்டும். தம்பி பாஸ்.

"நேரா 2 ஹார்ட் சொன்னா போதாதா? எதுக்கு இந்தச் சுத்து?" காரணம் இருக்கிறது. ஓர் இனத்தை முதலில் சொன்னவர்தான் ஆட்டத்தை நடத்துவார். அவருடைய கூட்டாளியின் 13 சீட்டும் மேசையில் விரித்து வைக்கப்படும். தம்பி சொன்னால் அக்காவின் ஏஸ், ராஜாவெல்லாம் எல்லோர் கண்ணிலும் பட்டுவிடும். அக்கா சொன்னால் அந்தப் பலமான கை மறைந்திருக்கும். முதல் சீட்டை இறக்கும் எதிராளி இருட்டில் கல் எறிவது போல எறிய வேண்டும்.

20-க்கு மேல் வந்தால்?

20, 21 புள்ளி வருவது அபூர்வம். அப்போது சொல்லும் 2 நோ டிரம்ப் ஒரு சங்கடமான ஏலமும்கூட. ஒரே தாவலில் ஏணியின் பாதி இடம் போய்விடுகிறது. கூட்டாளியிடம் 5 புள்ளி இருந்தாலே 3 நோ டிரம்ப் போகலாம். ஆனால் அவரிடம் ஒன்றுமே இல்லாவிட்டால் 8 பிடி எடுப்பதே பாடு. எல்லாப் பெரிய சீட்டும் ஒரே கையில் இருப்பதால், எதிர்ப்பக்கம் போய் அங்கிருந்து ஆட வழி கிடைக்காது.

22-ஐத் தாண்டினால் 2 கிளப். இதுவும் கிளப் இனத்தைப் பற்றியது அல்ல. "என் கை ரொம்பப் பலம், பாஸ் சொல்லிவிடாதே" என்ற அறிவிப்பு. கூட்டாளி பெரும்பாலும் 2 டைமண்ட் சொல்லிக் காத்திருப்பார். அடுத்து வரும் 2 நோ டிரம்ப், "சமநிலைக் கை, 22 முதல் 24" என்று விளக்கும்.

12 பிடி கேட்பதற்குச் 'ஸ்மால் ஸ்லாம்', 13-க்குக் 'கிராண்ட் ஸ்லாம்' என்று பெயர். சமநிலைக் கைகளுக்கு முதலாவதற்கு 33 புள்ளி, இரண்டாவதற்கு 37 புள்ளி வேண்டும் என்பார்கள். ஏன் இந்த எண்கள்? 40-ல் 33 போனால் எதிரணிக்கு 7. இரண்டு ஏஸுக்கு 8 புள்ளி வேண்டும். ஆக அவர்களிடம் இரண்டு ஏஸ் இருக்கவே முடியாது. 37 போனால் மீதி 3. ஓர் ஏஸ்கூட அவர்களிடம் இல்லை.

1 நோ டிரம்புக்குக் கூட்டாளி 4 நோ டிரம்ப் என்று தாவினால், "நீ உன் படியின் உச்சியில் இருக்கிறாயா?" என்று கேட்கிறார். 17 என்றால் 6 நோ டிரம்ப், 15 என்றால் பாஸ்.

எல்லா ஊரிலும் ஒரே பொருளா?

இல்லை. இங்கிலாந்தில் வளர்ந்த 'ஏகால்' முறையில் 1 நோ டிரம்ப் என்றால் 12 முதல் 14 புள்ளிதான். பழைய பிரிட்டிஷ் புத்தகத்தில் படித்தவரும், இணையத்தில் அமெரிக்க முறையைக் கற்றவரும் பேசிக்கொள்ளாமல் ஜோடி சேர்ந்தால் ஒரே சொல்லுக்கு இரண்டு அர்த்தம் ஆகிவிடும். புதிய கூட்டாளியிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: "உங்க 1 நோ டிரம்ப் எத்தனை?"

போலந்தின் 'போலிஷ் கிளப்' முறை இன்னும் வேறு. அதில் 18-க்கு மேற்பட்ட பலமான கைகள் 1 கிளப்பில் தொடங்கும். 12 முதல் 14 வரையிலான சமநிலைக் கையும் அதே சொல்லில்தான் தொடங்கும். எது என்பது அடுத்த சுற்றில் தெளிவாகும். பலமான கையைத் தாழ்வான படியிலேயே விவரிக்க முடிவது இதன் லாபம்.

இப்படி எவ்வளவு சிக்கலான முறையையும் பயன்படுத்தலாம். நிபந்தனை ஒன்று உண்டு: அதன் பொருள் எதிராளிக்கும் தெரிய வேண்டும். வழக்கமில்லாத பொருள் கொண்ட ஏலம் வந்தால் 'அலர்ட்' சொல்ல வேண்டும். எதிராளி கேட்டால் விளக்க வேண்டும். பிரிட்ஜில் குறியீடு உண்டு, ரகசியக் குறியீடு கிடையாது.

சென்னையில் என்ன நடந்தது?

2015 ஆகஸ்டில், நார்வே வீரர் பாய் புரோகெலண்ட் உலகின் முன்னணி ஜோடிகள் சில ஏமாற்றுகின்றன என்று வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். பழைய போட்டிகளின் காணொளிகளை உலகெங்கும் உள்ள ஆட்டக்காரர்கள் அலசத் தொடங்கினர். சீட்டுப் பலகையை மேசையில் எந்த இடத்தில் வைக்கிறார்கள், சீட்டை நெட்டாக வைக்கிறார்களா குறுக்காக வைக்கிறார்களா என்பதெல்லாம் கூட்டாளிக்கான சைகை என்று புகார்கள் எழுந்தன.

இது புதிய கவலை அல்ல. கூட்டாளியின் முகமே தெரியாதபடி மேசைக்குக் குறுக்கே திரை வைக்கும் வழக்கம் 1975-ல் பெர்முடா பவுல் எனும் உலக சாம்பியன்ஷிப்பில் தொடங்கியது. அந்த ஆண்டே மேசைக்கு அடியில் காலால் சைகை செய்ததாகப் புகார் வந்தது. பிறகு மேசைக்கு அடியிலும் தடுப்பு வந்தது.

சென்னைப் போட்டிக்கு முன் இஸ்ரேல், மொனாக்கோ அணிகள் பெர்முடா பவுலிலிருந்து விலகின. போலந்து அணியின் மூன்று ஜோடிகளில் ஒன்றுக்குக் கடைசி நேரத்தில் அனுமதி திரும்பப் பெறப்பட்டது. மீதி நான்கு பேரும் ஓய்வுக்கு ஆள் மாற்ற வழியில்லாமல் இரண்டு வாரம் ஆடினார்கள். இறுதிப் போட்டியில் ஸ்வீடனை வென்று, போலந்துக்கு முதல் பெர்முடா பவுலை வாங்கித் தந்தார்கள். அந்த நால்வரில் ஒருவர் போலிஷ் கிளப் முறையைப் பற்றி நூல்கள் எழுதிய கிஷிஸ்டோஃப் யாசெம். இன்னொருவர் 1996-ல் பிறந்த மிஹாவ் குளுகோவ்ஸ்கி.

புகார்களின் முடிவு ஒரே மாதிரி இல்லை. இஸ்ரேல் ஜோடிக்கு ஐரோப்பிய பிரிட்ஜ் அமைப்பு தடை விதித்தது. மொனாக்கோவுக்காக ஆடிய ஜோடிக்கு விதித்த தடையை, ஆதாரம் போதாது என்று விளையாட்டுக்கான சர்வதேச நடுவர் மன்றம் 2018-ல் ரத்து செய்தது.

15 சொற்களுக்குள் ஒரு கையைச் சொல்லி முடிப்பதுதான் இந்த விளையாட்டின் சவால். பதினாறாவது சொல் ஒன்றை ஒளித்து வைத்துக்கொண்டால் அங்கே விளையாட்டே இல்லை.

தமிழர்களுக்கு ஏலச் சீட்டு புதிதா?

இல்லவே இல்லை. இலங்கைத் தமிழர்கள் ஆடும் 304-ல் ஜோடிகள் உண்டு, ஏலம் உண்டு, துரும்பு உண்டு. அங்கே ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. நான்கு இனத்துக்கும் கூட்டினால் 304. தாத்தாவோடு இதை ஆடியிருந்தால் பிரிட்ஜின் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

மலேசியா, சிங்கப்பூர் மாணவர்கள் ஆடும் 'ஃபுளோட்டிங் பிரிட்ஜ்' இன்னொரு உறவினர். ஆனால் அதில் ஏலம் எடுத்தவர் ஒரு சீட்டின் பெயரைச் சொல்வார். அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் கூட்டாளி. ஏலம் கேட்கும்போது கூட்டாளி யாரென்றே தெரியாததால், மேலே சொன்ன 'உரையாடல்' அங்கே நடக்காது. அசல் பிரிட்ஜுக்கு மாறுபவர்கள் முதலில் பழக வேண்டியது இதைத்தான்: ஏலம் என்பது போட்டி மட்டுமல்ல, பேச்சும்கூட.

அப்போ இது சூதாட்டம் இல்லையா?

எந்தச் சீட்டு வரும் என்பது அதிர்ஷ்டம்தான். அதனால் போட்டிகளில், ஒரு மேசையில் ஆடிய அதே சீட்டுகளை அப்படியே மற்ற மேசைகளிலும் ஆட வைப்பார்கள். உங்களை ஒப்பிடுவது அதே கையைப் பெற்ற இன்னொருவருடன். மோசமான சீட்டு வந்தாலும் அவரை விடக் குறைவாக இழந்தால் வெற்றி உங்களுக்கு.

ரம்மி திறமை சார்ந்த ஆட்டமா என்ற வழக்கில் 1967-ல் இந்திய உச்ச நீதிமன்றம், அதில் உள்ள அதிர்ஷ்டம் பிரிட்ஜில் சீட்டு பிரிப்பதில் உள்ள அதிர்ஷ்டம் போன்றதே என்று கூறி, திறமையே மேலோங்கியது என்று முடிவு செய்தது. பணம் வைத்து ஆடுவது வேறு விஷயம். பிரிட்ஜ் சுவாரசியமாக இருக்க ஒரு காசும் தேவையில்லை.

எப்படித் தொடங்குவது?

ஒரு கட்டுச் சீட்டும் மூன்று நண்பர்களும் போதும். நண்பர்கள் கிடைக்காவிட்டால் 'பிரிட்ஜ் பேஸ் ஆன்லைன்' தளத்தில் கணினியோடு ஆடிப் பழகலாம்.

முதல் வாரத்தில் ஏணி முழுவதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். 13 சீட்டைப் பிரித்துப் பாருங்கள், புள்ளியை எண்ணுங்கள், சமநிலையா என்று பாருங்கள், எந்தப் படி என்று சொல்லுங்கள். 15 முதல் 17 என்ற ஒரே படியை நீங்களும் உங்கள் கூட்டாளியும் ஒருமுறைகூட மீறாமல் ஆடப் பழகினால், மற்ற படிகள் தானாக வரும்.